ஏறத் தெரிந்தவன் யார்?

ஒரு தொழிலில் வல்லவன் யார் என்று கேட்டால் விடை கூறுவது எளிது. அத்தொழிலில் ஒப்பற்றவன் யார் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. கவிதையிலும் நெசவிலும் மருத்துவத்திலும் இக்கேள்வி எழும்போது நாம் திண்ணையில் அமர்ந்து பொறுமையாக வாதிடலாம்; வாதத்தில் பிழைபட்டவரின் உயிருக்கு ஊறு நேராது. பாறை ஏறும் கலையில் நிலைமை வேறு. அங்கே திறமையைப் பற்றிய பிழையான எண்ணம் ஒன்று ஓர் இளைஞனின் உள்ளத்தில் குடிபுகுமாயின், அதற்கு அவன் கொடுக்கும் விலை அவனுடைய உயிராகவும் இருக்கலாம். எனவே, பாறையேறியின் நுட்பத்தை ஒப்பற்றதாக்குவது எது என்னும் வினா கலையைப் பற்றிய வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அறத்தைப் பற்றிய வினாவும் ஆகிவிடுகிறது.

“பாறை ஏறுவது மேனாட்டாரின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று வினவுவோர் இருக்கலாம். திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே இரயில் பாதையில் அமைந்த எங்கள் எரியோடு, சமவெளி ஊர்தான். ஆயினும் ஏறுவதும் இறங்குவதும் எங்கள் பக்கத்தில் அன்றாடத் தொழில். மாவட்டத்தின் பெயரே ஒரு பாறையின் பெயர். ஹைதர் அலி 1755-ஆம் ஆண்டில் பொறுப்பேற்று ஆண்ட கோட்டை அந்தப் பாறையின் தலைமேல்தான் இருக்கிறது. அவருடைய சகோதரியாகிய பேகத்தின் பெயரைத் தாங்கிய பேகம்பூர் அதன் நிழலில் இருக்கிறது. வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பனையேறிகள் மரமேறினார்கள். இன்றும் சிலர் ஏறுகிறார்கள். கடும்பாறையைப் பிளந்து வெட்டிய கிணறுகளில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைப் படிக்கற்களில் காலூன்றித் தலையில் சுமையோடு ஏறி வந்தவர்களை என் வயதினர் அனைவரும் கண்டிருப்பர். அவர்களுள் ஒருவரும் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் நம் வினாவுக்குரிய விடையின் முதற்பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது.

பனையேறியைக் கூர்ந்து நோக்கியவருக்கு ஓர் உண்மை விளங்கும். புதிதாகப் பழகுகிறவன் கைகளால் ஏறுகிறான். மரத்தை இறுக அணைத்து, தோளால் இழுத்து, பாதி மரம் ஏறுவதற்குள் களைத்துவிடுகிறான். பழகியவனோ கால்களால் ஏறுகிறான். தளைநார் இரு பாதங்களையும் பிணைத்து மரத்தைக் கவ்விக்கொள்ள, உடலின் பாரம் முழுவதும் கால்களில் நிற்கிறது. உடல் பின்னே சாயாமல் காப்பதற்கே கைகள். பருவ காலத்தில் காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு 30, 40 மரங்கள் ஏறி இறங்க வேண்டியவன் தோள் வலிமையை நம்பியிருந்தால் முதல் வாரத்திலேயே படுக்கையில் விழுந்திருப்பான்.

பாறையேறிக்கும் இதுவே பால பாடம். சரிந்த பாறையில் அச்சத்தால் உடலை ஒட்டிக்கொள்கிறவனுடைய பாதம் வழுக்குகிறது. நிமிர்ந்து நிற்பவனுடைய பாதம் பிடிக்கிறது. ஏனெனில், நிமிர்ந்தவனுடைய பாரம்தான் அடிப்பாதத்தைப் பாறையின்மேல் அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில்தான் பிடிப்பு பிறக்கிறது. செங்குத்தான சுவரிலோ இதற்கு நேர்மாறாக இடுப்பைப் பாறையருகே கொண்டுசெல்ல வேண்டும். எங்கே ஒட்டுவது, எங்கே விலகுவது என்று பாறையைப் பார்த்த அளவிலேயே உடல் அறிந்திருக்க வேண்டும். தேர்ந்த ஆசிரியர்கள் மாணவரை ஓசையின்றிக் காலூன்றப் பழக்குகின்றனர். ஓசை எழுந்தால் கால் தன் இடத்தைத் தேடித் தடுமாறியது என்று பொருள். ஓசை இல்லையென்றால் கண் முன்பே கண்டுவிட்ட இடத்தில் கால் போய் அமர்ந்தது என்று பொருள். இவ்வொரு பயிற்சியைக் கொண்டே ஏறுபவரின் தரத்தைப் பெரும்பாலும் கூறிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனிதரை விட்டு விலங்குகளிடம் சென்றால், எங்கள் ஊருக்குக் கிழக்கே அய்யலூர்க் காடுகளிலும் கடவூர் மலைகளிலும் இக்கலையில் ஓர் ஆசான் உண்டு. அது தேவாங்கு. 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பினை அதற்கெனச் சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற் சரணாலயம் அது. கையளவேயுள்ள இந்த உயிர் குரங்கைப் போலத் தாவுவதில்லை. கிளை விட்டுக் கிளை செல்லும்போது, புதிய பிடி உறுதியாகும் வரையில் பழைய பிடியை விடுவதில்லை. ஆபத்து வந்தால் அசையாமல் உறைந்து நெடுநேரம் பற்றியிருக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. இரவில் இரையின் அருகே அது செல்வதை இரையே அறியாது. தாவுகின்ற குரங்கைக் கண்டு நாம் கைகொட்டுகிறோம். தேவாங்கைக் கண்டு கைகொட்டியவரை நான் பார்த்ததில்லை. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

வலிமையே நுட்பம் என்னும் எண்ணம் இவ்வாறு முதலில் கழிகிறது. கழிந்தபின்னும் ஐயம் கொள்வோருக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு சான்றுகள் தரலாம். கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்னும் பெரும்பாறை ஏறத்தாழ 3,000 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதன் ‘மூக்கு’ என்னும் புகழ்பெற்ற வழியில், வீழ்ந்தால் தாங்குவதற்கு மட்டும் கயிற்றை வைத்துக்கொண்டு, ஏறுவதற்குக் கைகால்களை மட்டுமே நம்பி முதன்முதலாக ஏறி முடித்தவர் ஓர் ஆடவர் அல்லர். 1993-ஆம் ஆண்டில் அதனைச் செய்தவர் லின் ஹில் என்னும் பெண்மணி. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். மறு ஆண்டே அவ்வழியை ஒரே நாளுக்குள் ஏறி முடித்தார். தோள் அகன்ற ஆடவர்களின் தடித்த விரல்கள் நுழையாத வெடிப்புகளில் அவருடைய மெல்லிய விரல்கள் நுழைந்தன என்று சிலர் அதற்குக் காரணம் கூறினர். இருக்கட்டும். எட்டாத பிடிகள் எத்தனையோ இருந்திருக்குமே, அவற்றை எவ்வாறு கடந்தார் என்பதை அவர்கள் கூறவில்லை. மற்றொருவர் டாமி கால்டுவெல். 2001-ஆம் ஆண்டில் மரம் அறுக்கும் இயந்திரத்தில் இடக்கை ஆட்காட்டி விரலை இழந்தவர். பாறையேறிக்கு அவ்விரலின் அருமை எழுத்தாளனுக்குக் கண்ணின் அருமை போன்றது. அதன் பின்னரே அவர் தம் காலத்தின் மிகக் கடினமான ஏற்றங்களைச் செய்தார். அவரைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேச வேண்டும்.

வலிமை கழிந்தபின் எஞ்சி நிற்பது துணிவு. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இன்று கைப்பேசியில் காணும் பெயர் ஒன்று உண்டு: அலெக்ஸ் ஹானல்ட். 2017-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், அதே எல் கேப்பிட்டன் பாறையில், கயிறோ துணையோ இன்றித் தன்னந்தனியராக 3 மணி 56 நிமிடங்களில் ஏறி முடித்தார். அவ்வேற்றத்தைக் காட்டும் ஆவணப்படம் 2019-இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. என் தங்கை மகன் அதைப் பார்த்துவிட்டு, “மாமா, அவருக்குப் பயமே கிடையாதா?” என்று கேட்டான். கேட்ட தொனியில் வியப்பைவிட ஏக்கம் மிகுந்திருந்தது. அச்சமின்மை ஒரு வரம், அது தனக்கு வாய்க்கவில்லை என்னும் ஏக்கம்.

அறிவியலார் சிலர் ஹானல்டின் மூளையை ஆராய்ந்தனர்; பிறரை அதிரவைக்கும் படங்களைக் கண்டபோதும் அச்சத்தோடு தொடர்புடைய பகுதி அவரிடம் பெரிதும் கிளர்ச்சியுறவில்லை என்று கண்டனர். இதனை மெய்யென்றே கொள்வோம். அப்படியாயின் அவரைப் புகழ்வதற்கு அதில் என்ன இருக்கிறது? அஞ்சாதவனுக்குத் துணிவு தேவையே இல்லை. பிறவியிலேயே சுவை நரம்பு மங்கியவன் வேப்பங்காயைத் தின்றால் அதனைப் பொறுமை என்று யாரும் போற்ற மாட்டார். நாம் புகழ வேண்டுவது வேறொன்று; அது கைப்பேசித் திரையில் தெரிவதில்லை. அந்த நான்கு மணி நேரத்துக்கு முன்பாக ஓராண்டுக்கும் மேலாக, கயிறு கட்டிக்கொண்டு, அதே வழியில் அவர் மீண்டும் மீண்டும் ஏறினார். கடினமான இடங்களில் எந்தக் கை எந்தப் பிடிக்கு, எந்தக் கால் எந்த மேட்டுக்கு என்பதைக் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்தார். தளர்ந்த கற்களை அகற்றினார். அச்சம் அவரிடம் இல்லாமல் போனது ஒருபுறம் இருக்க, அஞ்ச வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டு அவற்றைக் குறைத்துக்கொண்டே வந்தார் என்பதுதான் உண்மை.

அதனினும் பெரிதாக நான் கருதுவது ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் ஒருமுறை அவ்வேற்றத்தைத் தொடங்கினார். படப்பிடிப்புக் குழுவினர் காத்திருந்தனர். பெரும் உழைப்பு பின்னால் இருந்தது. சுவரின் கீழ்ப்பகுதியிலே, வழுவழுப்பான சரிவு ஒன்றில், பாதத்தை மட்டுமே நம்பி நிற்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார். சில வாரங்களுக்கு முன் சுளுக்கிய கணுக்கால் முழுமையும் தேறவில்லை, மனம் ஒப்பவில்லை. அத்துடன் ஏற்றத்தைக் கைவிட்டுத் திரும்பினார். அந்த நாளின் திரும்புதல் இல்லையேல் மறு ஆண்டின் வெற்றியை நான் நுட்பம் என்று அழைக்கத் தயங்கியிருப்பேன். நற்பேறு என்றே அழைத்திருப்பேன். திரும்ப வல்லவர் என்பது ஒருமுறை மெய்ப்பிக்கப்பட்டதனால்தான், திரும்பாமல் மேலே சென்றது அவருடைய தேர்வு என்றும், மயக்கம் அன்று என்றும் நம்மால் நம்ப முடிகிறது.

இக்கருத்தை நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் விதியாக வகுத்தார். ஆஸ்திரியா நாட்டுப் பால் பிராய்ஸ் என்னும் இளைஞர், பாறையில் ஆணி அடித்தும் கயிற்றைப் பற்றியும் ஏறுவதை எதிர்த்து 1911-ஆம் ஆண்டில் எழுதினார். அதனால் அன்றைய ஆல்ப்ஸ் மலையேறிகளிடையே பெரும் வாதப்போர் மூண்டது. அவருடைய கொள்கையின் சாரம் இது: எவ்வளவு கடினமான இடத்தில் கயிறின்றிப் பாதுகாப்பாக ஒருவனால் இறங்க முடியுமோ, அவ்வளவே அவன் ஏறுவதற்குரிய எல்லை. ஏற்றத்துக்கு ஈடாக இருப்பது போதாது, அதற்கு மேம்பட்டவனாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சொல்லோடு நிறுத்தாமல் அவ்வாண்டே, இன்று இத்தாலியில் உள்ள கம்பனீலே பாஸோ என்னும் கற்கோபுரத்தின் கிழக்கு முகத்தில் தனியே ஏறி, தனியே இறங்கியும் காட்டினார்.

நான் அறிந்தவரையில் பாறையேறும் நுட்பத்துக்கு இதனினும் நேர்மையான அளவுகோலை ஒருவரும் தரவில்லை. ஏறுவதைக் காட்டிலும் இறங்குவது கடினம். ஏறும்போது பிடி கண்ணுக்கு நேரே இருக்கிறது. இறங்கும்போது காலடியில் மறைந்திருக்கிறது. ஏறும்போது ஆசை தூக்கிச் செல்கிறது. இறங்கும்போது அந்தத் துணையும் இல்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் படிக்கல் வழியாக இறங்கிப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. தன் முழு ஆற்றலையும் செலவிட்டு ஒரு பிடியை எட்டுகிறவன் அங்கே சிறைப்பட்டவன். நூற்றில் எழுபதைச் செலவிட்டு அதே பிடியை எட்டுகிறவனிடம் முப்பது மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம்தான் அவனுடைய திரும்பும் வழி. நுட்பம் என்பது இந்த மிச்சத்தை உண்டாக்கும் வித்தை. ஓசையற்ற காலடியும், நிமிர்ந்த உடலும், முன்பே படித்துவிட்ட வழியும் எல்லாம் அந்த மிச்சத்துக்காகத்தான். தேவாங்கு பழைய பிடியை விடாமல் புதிய பிடியைத் தேடுவதும் அதற்காகத்தான்.

ஆனால் வரலாறு இவ்விடத்தில் ஒரு முள்ளை வைத்திருக்கிறது. பிராய்ஸ் 1913-ஆம் ஆண்டு அக்டோபரில், ஆஸ்திரிய மலையொன்றில் தனியே ஏறும்போது வீழ்ந்து மாண்டார். வயது 27. அவருடைய எதிரிகள் அக்கொள்கையே அவரைக் கொன்றது என்றனர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. மிச்சத்தை அளப்பவன் அந்த மிச்சத்துக்கு உரியவனேதான். தன் கணக்கைத் தானே எழுதித் தானே சரிபார்க்கும் வணிகன் போன்றவன். உள்ளத்தில் சிறிது பெருமிதம் கலந்தாலும், சிறிது சலிப்பு கலந்தாலும் கணக்கு தவறிவிடும். கல் ஒன்று பெயர்ந்தால் கணக்கே இல்லாமல் போய்விடும். எனினும் பிராய்ஸின் மரணம் அவருடைய அளவுகோலைப் பொய்யாக்கிவிட்டது என்று நான் கருதவில்லை. அளவுகோல் சரியானது, அதைத் தனிமனிதன் ஒருவன் தன் கையில் மட்டும் வைத்திருக்கலாமா என்பதே கேள்வி. அக்கேள்விக்கு வருமுன், பார்வையாளராகிய நம்மைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

பாறையின் அடியில் நிற்பவனுக்குக் கடினமாகத் தோன்றுவது ஒன்று. மேலே இருப்பவனுக்கு உண்மையில் கடினமானது வேறொன்று. தலைக்குமேல் குடைபோல் கவிந்த பாறையில் ஒருவன் தொங்கும்போது நாம் மூச்சையடக்குகிறோம். அங்கே கைப்பிடிகள் குடத்தின் வாய்போல் பெரியனவாக இருக்கலாம். சாய்ந்த வெறும்பாறையில் அவன் மெல்ல நடக்கும்போது நாம் கொட்டாவி விடுகிறோம். ஹானல்ட் திரும்பியது அத்தகைய இடத்தில்தான். நம் கைத்தட்டல் எப்போதும் தவறான இடத்தில்தான் எழுகிறது. மேலும், தடுமாறித் தப்பியவனுக்கே அதிகம் தட்டுகிறோம். தடுமாறாதவனிடம் நமக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதாவது, மிச்சம் இல்லாதவனையே கூட்டம் விரும்புகிறது. கைப்பேசிப் படங்கள் வந்தபின் அந்தக் கூட்டம் எல்லையற்றதாகிவிட்டது. மலை விளிம்பில் நின்று படமெடுக்கும் பிள்ளைகள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்காகவே நிற்கிறார்கள்.

கருநாடகத்துச் சித்திரதுர்க்கம் கோட்டைக்குச் சென்றவர்கள் ஜோதிராஜ் என்பவரைக் கண்டிருக்கலாம். தமிழகத்தில் பிறந்து அங்கே குடியேறியவர். ‘கோத்தி ராஜ்’, அதாவது குரங்கு ராஜா என்று மக்கள் அவரை அழைக்கின்றனர். ஆசிரியர் எவரும் இன்றி, கோட்டைக் குரங்குகளைப் பார்த்தே ஏறக் கற்றதாகக் கூறுபவர். ஹைதர் அலியின் படை 1779-இல் அரும்பாடுபட்டுக் கைப்பற்றிய அக்கோட்டையின் மதில்களில் சுற்றுலாப் பயணிகள் பார்க்க வெறுங்கையால் ஏறுகிறார். அவரிடம் மெய்யான நுட்பம் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே மதிலை அத்தனை முறை ஏறியவரின் பாதங்கள் அதன் கற்களை எழுத்தெழுத்தாக அறிந்திருக்கும். ஆனால் சுற்றுலாப் பயணி பார்ப்பது அந்த அறிவை அன்று, கயிறின்மையை. கயிறின்மை நுட்பத்தின் ஒரு பகுதியே அன்று என்பது என் துணிபு. அது நுட்பத்தின்மேல் வைக்கப்படும் பந்தயம். பந்தயத்தின் தொகை பெரிதாவதால் குதிரையின் வேகம் கூடுவதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பே. “கயிறு இருக்கும்போது அமைதியாக இருப்பது எளிது. வீழ்ந்தால் மரணம் என்னும் நிலையிலும் விரல் நடுங்காதிருப்பதே தனியொரு திறமையன்றோ?” என்று கேட்கலாம். திறமைதான். கத்தியைக் கையில் எடுத்த அறுவை மருத்துவருக்கு அத்திறமை வேண்டும். ஆனால் தம் கை நடுங்காமையை மெய்ப்பிப்பதற்காக நோயாளியை மேசையில் கிடத்தும் மருத்துவர் உண்டோ? நோயாளி இருக்கிறார், ஆகவே கத்தி எடுக்கப்படுகிறது. இந்த வரிசையை மாற்றினால் திறமை அப்படியே இருக்கும். அறம் இடம் பெயர்ந்துவிடும்.

நோயாளி இருப்பதால் கத்தி எடுப்பவரைப் போல, தேன் இருப்பதால் பாறை ஏறுவோர் நம் மலைகளில் உள்ளனர். பழனி மலைகளின் பளியரும் நீலகிரியின் குறும்பரும் ஆனைமலைக் காடரும் எத்தனை தலைமுறையாக இத்தொழிலைச் செய்கின்றனர் என்று கணக்கிட இயலாது. சங்க இலக்கியம் தேனெடுக்க மலையில் சார்த்தும் கண்ணேணியை ‘மால்பு’ என்று அழைக்கிறது. குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், பழைய மால்பு என்பதை உணராமல் தேனுக்காக அதில் ஏறியவன் ஏமாற்றத்துக்கு உவமையாகிறான். அப்புலவர் அவனை வலிமையற்றவன் என்றோ கோழை என்றோ கூறவில்லை. ஏணியைச் சோதிக்காதவன் என்கிறார். அதனாலேயே அவன் அறியாதவன்.

மலைத்தேனீ செங்குத்துப் பாறையின் கவிந்த முகத்தில், மழையும் கரடியும் எட்டாத இடத்தில் அடை வைக்கும். காட்டுக் கொடிகளை முறுக்கி ஏணி செய்து, மேலே மரத்திலோ பாறையிலோ கட்டி, பெரும்பாலும் இருளில், புகைமூட்டத்தோடு ஒருவன் அதில் இறங்குகிறான். கவனியுங்கள், இறங்குகிறான். அவன் தொழிலில் முதற்படியே இறக்கம். ஏறி வருவது பின்னர், உடல் களைத்து, கை தேனால் பிசுபிசுத்து, கொட்டுப்பட்ட வேதனையோடு. பிராய்ஸ் எழுத்தில் வகுத்த விதியை எழுத்தறியாத இம்மக்கள் தொழிலின் அமைப்பிலேயே வைத்திருக்கின்றனர். திரும்பி வரும் வலிமை மிச்சமில்லாதவன் அங்கே இறங்கவே மாட்டான். தேனெடுக்கும் முன் நாட்கணக்கில் நோன்பிருந்து உடலையும் மனத்தையும் அடக்குவதும் அவர்களில் பலருக்கு வழக்கம். அடையை முழுவதும் எடுத்துவிடாமல் ஈக்களுக்கென்று ஒரு பங்கை விட்டு வருவதும் வழக்கம். மறு ஆண்டும் வர வேண்டும் அல்லவா?

இதில் என் நெஞ்சைத் தொட்ட வழக்கம் வேறொன்று. கொடியின் மேல்நுனியைக் காப்பவன் யார் என்பதை அவர்கள் கண்டபடி முடிவு செய்வதில்லை. பல குழுக்களில் அவன் இறங்குபவனுடைய மைத்துனன், மனைவியின் உடன்பிறந்தவன். கொடி அறுந்தால் தன் சகோதரியே கைம்பெண் ஆவாள் என்பதை அறிந்தவன். காடரிடையே மனைவியோ மகனோ காவல் நிற்பதுண்டு என்றும் எழுதியிருக்கின்றனர். கீழே இருப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. புகையும் இருளும் மறைக்கின்றன. மேலே இருப்பவன் கொடியின் அசைவைக் கொண்டே அவன் நிலையை உணர்கிறான். சற்று முன் எழுப்பிய கேள்விக்கு இவர்கள் விடை வைத்திருக்கின்றனர். மிச்சத்தின் கணக்கை ஏறுபவன் ஒருவனே எழுதிச் சரிபார்க்கக் கூடாது. இழந்தால் தானும் இழப்பவன் ஒருவன் அக்கணக்கின் மறுபுறத்தில் இருக்க வேண்டும்.

லின் ஹில்லைப் பற்றி முன்னர்ச் சொன்னேன். 1989-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் புயூ என்னுமிடத்தில், தமக்குச் சிறிதும் கடினமில்லாத வழியொன்றில் அவர் ஏறினார். உச்சியை அடைந்து, கயிற்றில் சாய்ந்து இறங்க முற்பட்டபோது 70 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து வீழ்ந்தார். இடையில் ஒரு மரம் தடுத்ததால் பிழைத்தார். இடுப்பில் கயிற்றை முடியத் தொடங்கியவர், இடையே வேறெதிலோ கவனம் சென்றதால் முடிச்சை முடிக்காமலே ஏறிவிட்டார்! உலகின் தலைசிறந்த பாறையேறியை வீழ்த்தியது பாறையன்று, பாதியில் நின்ற முடிச்சு. ஒட்டகத்தைக் கட்டாமலே இறைவன்மேல் பொறுப்பைப் போட நினைத்தவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். கட்டுவது நம்பிக்கையின்மை அன்று, நம்பிக்கையின் முதற்செயல். பாறையேறிகளிடையே உள்ள பழக்கம், புறப்படுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் பார்ப்பது. பளியருக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

உயிர் நம்முடையதன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று கொண்டவர்கள் நாம். அதனால் பாறையேறுதல் அனைத்தும் விலக்கத்தக்கது என்று ஒரே வீச்சில் கூறிவிடுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. மலைத்தேனை மருந்தென்று வாங்கி வைப்போம், பதநீரைச் சுவைத்துக் குடிப்போம், பாறைக் கிணற்று நீரில் உளு செய்வோம்; அவற்றுக்காக ஏறி இறங்கியவனை மட்டும் அமானிதத்தைப் பேணாதவன் என்போமா? பிழைப்புக்காக அன்றி, இறைவன் படைத்த மலையின் எழிலுக்காகவும் உடலின் ஒழுங்குக்காகவும் கயிறு கட்டி ஏறுகிறவனையும் நான் குறை சொல்ல மாட்டேன். தலைக்கவசமின்றி நான்குவழிச் சாலையில் பறக்கும் நம் வீட்டுப் பிள்ளையைக் காட்டிலும் அவன் அமானிதத்தைப் பேணுபவனே. கயிறின்றி ஏறுகிறவரைப் பற்றி? அவருடைய ஓராண்டு உழைப்பையும், திரும்பிய அந்த ஒரு நாளையும் வியக்கிறேன். அவருக்காக அஞ்சுகிறேன். என் தங்கை மகனிடம் நான் எடுத்துச் சொன்னது அந்தத் திரும்பிய நாளைத்தான். அவன் அந்தப் பகுதியைப் படத்தில் கவனிக்கவே இல்லையாம்.

டாமி கால்டுவெல்லின் கதை எஞ்சியிருக்கிறது. எல் கேப்பிட்டனில் ‘விடியற்சுவர்’ என்று அழைக்கப்படும் முகத்தில், அதுவரை ஒருவரும் கைகால்களை மட்டும் நம்பி ஏறியிராத வழியில், 2014 டிசம்பர் 27-இல் அவரும் கெவின் ஜார்ஜ்சன் என்பவரும் கயிறு கட்டிப் புறப்பட்டனர். ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து ஒத்திகை பார்த்த வழி அது. சுவரிலேயே கூடாரம் தொங்கவிட்டு உறங்கினர். ஏற்றத்தின் பதினைந்தாவது பகுதியில் கால்டுவெல் கடந்துவிட்டார், ஜார்ஜ்சன் வீழ்ந்தார். மீண்டும் முயன்று மீண்டும் வீழ்ந்தார். கூர்மையான பாறை விரல்நுனித் தோலைக் கிழித்தது. ஆறுவதற்காக நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. கால்டுவெல்லுக்கோ வலிமை குன்றவில்லை, வானிலையும் தெளிவாக இருந்தது. தனியே உச்சிக்குச் சென்று வரலாற்றில் பெயர் பொறித்திருக்கலாம். அவர் சற்று மேலே சென்று கடினமான பகுதிகளை முடித்தபின், துணைவர் இல்லாமல் உச்சியை அடைய விருப்பமில்லை என்று கூறி நின்றார். ஏறுவதை நிறுத்திவிட்டு, நண்பரின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார். ஏறத்தாழ ஒரு வாரப் போராட்டத்துக்குப் பின் ஜார்ஜ்சன் அந்தப் பகுதியைக் கடந்தார். 2015 ஜனவரி 14-ஆம் நாள், பத்தொன்பதாம் நாள் பிற்பகலில், இருவரும் ஒரே கயிற்றில் உச்சிக்கு வந்தனர்.